வீட்டுப் பெட்டிக்கு வெளியிலிருந்து ஒரு வழி

மணிமங்கலம் என்றதும் வரலாற்றுப் பாடம் ஞாபகம் இருப்பவர்களுக்கு நரசிம்மவர்ம பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் நினைவுக்கு வருவார்கள். 7-ம் நூற்றாண்டில் அந்த இரண்டு படைகளும் மோதிக்கொண்ட ஊர். இப்போது அந்தப் பக்கம் போனால் யானையும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களும் வேன்களும்தான்.

அந்த ஊரில் ஒரு வீடு. அம்மா, அண்ணன், தம்பி. அண்ணனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான், ஹாஸ்டலில் இருக்கிறான். அப்பா 2021-ல் தவறிவிட்டார்.

இவர்கள் முன்பு வரதராஜபுரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பேப்பரில் எல்லாம் செம்பரம்பாக்கம் பெயர்தான் அடிபட்டது. ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். அதற்கும் மேலே இருக்கிற முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் என்று மேற்கே இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றில் வந்த தண்ணீர். (இதை அந்தப் பக்கத்துக்காரர்களிடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்!) அந்தத் தண்ணீரில் இவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் ஊறிப்போனது. அப்பா ஒவ்வொரு போட்டோவாகப் பிரித்து, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தார். பாதி தேறியது. மீதியில் மாலை மட்டும் தெரியும், முகம் இருக்காது.

அதனால்தான் அப்பா போன பிறகு அண்ணன் முதல் வேலையாக ஒரு நாஸ் பெட்டி வாங்கினார். நாஸ் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க் போடும் ஒரு குட்டி கம்ப்யூட்டர், ரவுட்டரோடு ஒயர் போட்டு இணைத்துவிட்டால் வீட்டில் இருக்கிற எல்லா போனும் லேப்டாப்பும் அதில் பைல்களை வைக்கலாம், எடுக்கலாம். தேறிய போட்டோக்களை ஸ்கேன் செய்து போட்டார். அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாவற்றையும் போட்டார். பெரும்பாலும் "சாப்டியாப்பா", "மழை வருது, வண்டிய மெதுவா ஓட்டு" ரகம்தான். அம்மாவுக்கு அதுதான் பொக்கிஷம்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்றால், அம்மா காஞ்சிபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கியபோது. "அப்பா குரலக் கேக்கணும் போல இருக்குடா" என்றார். பெட்டி மணிமங்கலத்தில், அம்மா காஞ்சிபுரத்தில். அண்ணன் பெட்டி வாங்கிய கடைக்குப் போன் போட்டார். "ரொம்ப ஈஸி சார், ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்ணிடுங்க" என்றார்கள்.

போர்ட் ஃபார்வர்ட் என்பது என்ன? வீட்டு ரவுட்டர் ஒரு வாட்ச்மேன் மாதிரி. உள்ளிருந்து வெளியே போகிறவர்களை விடும்; அவர்கள் கேட்டு வருகிற பதிலையும் உள்ளே விடும்; வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டுகிறவர்களை விடாது. "இந்த நம்பர் கதவைத் தட்டினால் மட்டும் யாராக இருந்தாலும் நாஸ் பெட்டியிடம் அனுப்பிவிடு" என்று அந்த வாட்ச்மேனுக்குச் சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்ட். "யாராக இருந்தாலும்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அண்ணன் கவனிக்கவில்லை.

முதலில் அது வேலையே செய்யவில்லை. நம்மூரில் பல வீட்டு இணைப்புகளுக்குத் தனி ஐ.பி. முகவரி கிடையாது. உலகத்தில் ஐ.பி.வி4 முகவரிகளே மொத்தம் 429 கோடி சொச்சம்தான், அதுவும் தீர்ந்துவிட்டது. அதனால் இணைப்பு தரும் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. இதற்கென்றே 2012-ல் 100.64 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் அந்த வீடு ஒரு அப்பார்ட்மென்ட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்; வாசல் வாட்ச்மேன் அவர்கள் ஆள், இவர்கள் சொன்னால் கேட்க மாட்டான். எரிச்சலான விஷயம்தான். ஆனால் அந்த எரிச்சல்தான் நிறைய வீடுகளை அவர்களுக்கே தெரியாமல் காப்பாற்றிக்கொண்டும் இருக்கிறது!

அண்ணன் விடவில்லை. ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டி நிலையான ஐ.பி. வாங்கினார். போர்ட்டைத் திறந்தார். அம்மா காஞ்சிபுரத்தில் அப்பா குரலைக் கேட்டார். எல்லோருக்கும் சந்தோஷம்.

சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்த தம்பி சும்மா பெட்டியின் லாக் பக்கத்தைத் திறந்து பார்த்தான். பக்கம் பக்கமாக ஒரே வரி. அட்மின் என்ற பெயரில் லாகின் முயற்சி, தோல்வி. ரூட் என்ற பெயரில் முயற்சி, தோல்வி. யூசர், டெஸ்ட், பேக்கப்... கேள்விப்படாத நாட்டு முகவரிகளிலிருந்தெல்லாம். அவன் எழுந்துபோய் ரவுட்டரிலிருந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான்.

"என்னடா பண்ற? அம்மா கேட்டுட்டு இருக்காங்கடா!"

"அண்ணா, ஊர்ல இருக்கிறவன் எல்லாம் நம்ம வீட்டுப் பூட்டுல சாவி போட்டுப் பாத்துட்டு இருக்கான்ணா."

"மணிமங்கலத்துல ஒரு மூலைல இருக்கிற பெட்டியை எவன்டா தேடி வரப் போறான்? நம்மகிட்ட என்ன இருக்கு?"

இது அண்ணன் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை, எல்லோரும் கேட்பது. பதில் என்னவென்றால், யாரும் தேடி வருவதில்லை. மெஷின் வருகிறது. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்கள் ஜிமேப் என்று ஒரு கருவி எழுதினார்கள். ஒரே ஒரு சாதாரண கம்ப்யூட்டர், நல்ல வேக இணைப்பு, 45 நிமிஷத்துக்குள் உலகத்தின் ஐ.பி.வி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு கதவைத் தட்டிப் பார்த்துவிடலாம். ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் மொத்த உலகமும்! அதற்கும் முன்பே, 2009-லிருந்து, ஷோடன் என்ற தேடுபொறி எந்த முகவரியில் என்ன பெட்டி திறந்திருக்கிறது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. மூலை, முடுக்கு என்பதெல்லாம் தெருவில்தான். இணையத்தில் எல்லா வீடும் மெயின் ரோட்டு வீடு.

"நம்மிடம் என்ன இருக்கு" என்பதற்கும் பதில் இருக்கிறது. திருடன் எடுத்துப் போய் விற்கிற பொருளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உரியவருக்கு அது முக்கியமாக இருந்தால் போதும். பூட்டிப் போட்டுவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பான்.

நடந்த கதைகள் எக்கச்சக்கம். 2014 ஆகஸ்டில் சைனாலஜி பெட்டிகளைக் குறிவைத்து சைனோலாக்கர். 2021 ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளில் கியூலாக்கர். இவன் தனியாக எதையும் கண்டுபிடிக்கக்கூட இல்லை, சாதாரண 7-ஜிப் மென்பொருளை வைத்தே பைல்களைப் பாஸ்வேர்டு போட்டு மூடிவிட்டு 0.01 பிட்காயின் கேட்டான். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி புதுசாக இருந்தது. அதாவது காலியாக! யாரோ வெளியிலிருந்து ஃபேக்டரி ரீசெட் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். அந்த மாடலுக்குக் கடைசியாக அப்டேட் வந்தது 2015-ல். பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதைச் செய்தவர்கள்தான் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்.

2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்தது. இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. பணம் கட்டினால் சாவி தானாகவே பிட்காயின் பரிவர்த்தனைக்குள் வந்து விழும்படி செய்திருந்தான் திருடன். ஆனால் பணம் உறுதியாக வந்து சேரும்வரை காத்திருக்காமல், கட்டியதாகத் தெரிந்தவுடனே சாவியைக் கொடுக்கும்படி வைத்துவிட்டான். 2022 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் இதைப் பிடித்துக்கொண்டது. பரிவர்த்தனைக் கட்டணத்தை மிகக் குறைவாக வைத்துப் பணம் கட்டுவது, சாவி வந்ததும் பணம் போய்ச் சேருவதற்குள் வாபஸ் வாங்கிவிடுவது! இப்படி 150-க்கும் மேற்பட்ட சாவிகளை வாங்கிவிட்டார்கள். திருடன் விழித்துக்கொண்டு வழியை அடைத்தான். அந்த 150 பேர் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்களுக்கு நெதர்லாந்து போலீஸ் என்ன செய்யும்?

பாஸ்வேர்டு பலமாக இருந்தால் போதாதா என்று அண்ணன் கேட்டார். போதாது. கியூலாக்கர் யாருடைய பாஸ்வேர்டையும் ஊகிக்கவில்லை. பெட்டியின் மென்பொருளிலேயே ஓட்டை. நுழைந்தவனிடம் யாரும் பாஸ்வேர்டே கேட்கவில்லை. பூட்டு எவ்வளவு பலமானால் என்ன, கதவு அட்டையில் செய்ததாக இருந்தால்?

வீட்டுப் பெட்டிதானே என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு காக்கும் கம்பெனியில் பெரிய திருட்டு நடந்தது. திருடர்கள் அதன் ஊழியர் ஒருவரின் வீட்டு கம்ப்யூட்டர் வழியாகத்தான் உள்ளே போனார்கள். அதில் படம் பார்க்கிற பிளெக்ஸ் மென்பொருள் பழையதாகவே கிடந்தது. அந்த ஓட்டைக்கு அப்டேட் 2020 மே மாதமே வந்திருந்தது.

சரி, அப்படியானால் அம்மா எப்படி அப்பா குரலைக் கேட்பது? ஒயரைப் பிடுங்குவது யாருக்கும் வரும். தம்பியிடம் அம்மா போனில் கேட்டதும் இதுதான்: "ஏம்ப்பா, இனிமே கேக்கவே முடியாதா?" அவன் ஹாஸ்டலுக்குத் திரும்புவதை ஒரு நாள் தள்ளிப் போட்டான்.

அவன் செய்தது வி.பி.என். இந்தச் சொல்லைக் கேட்டாலே சிலருக்குத் தடை செய்த சைட் பார்க்கிற சமாச்சாரம் என்று நினைப்பு. அது காசு வாங்கிக்கொண்டு இன்னொருவர் சர்வர் வழியாக உலகத்துக்குப் போகும் வி.பி.என். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட, சில கம்பெனிகள் இந்தியாவிலிருந்து சர்வர்களைத் தூக்கிக்கொண்டு போனதே, அந்த ரகம். இது அது இல்லை. இதில் போய்ச் சேருகிற இடம் சொந்த வீடுதான். காஞ்சிபுரத்தில் இருக்கிற போனுக்கும் மணிமங்கலத்து ரவுட்டருக்கும் நடுவில் ஒரு குழாய். அதற்குள் என்ன போகிறது என்று வழியில் யாருக்கும் தெரியாது.

வயர்கார்டு என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டான். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள். இதன் அழகு என்னவென்றால், சரியான சாவி இல்லாதவன் கதவைத் தட்டினால் "யார்?" என்றுகூடக் கேட்காது. மௌனம். தட்டியவனுக்கு அங்கே கதவு இருக்கிறதா, வெறும் சுவரா என்றே தெரியாது. அண்ணன் திறந்து வைத்தது லைட் போட்டு, போர்டு மாட்டிய கதவு. இது சுவரில் கதவு.

ஹாஸ்டலில் சும்மா கிடந்த ஒரு ராஸ்பெரி பையை வயர்கார்டுக்கென்று வைத்தான். நாஸ் பெட்டி மேலேயே ஓட்டலாம்தான், ஆனால் வாசல் காப்பவனும் பீரோவும் ஒன்றாக இருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. நியாயம்தான். ரவுட்டரில் பழைய போர்ட் ஃபார்வர்டை எடுத்துவிட்டு, ராஸ்பெரி பைக்கு ஒரே ஒரு யு.டி.பி. போர்ட் மட்டும். கூடவே யு.பி.என்.பி. என்பதை அணைத்தான். அது இயங்கினால் வீட்டுக்குள் இருக்கும் எந்தச் சாதனமும் யாரையும் கேட்காமல் ரவுட்டரில் தனக்குக் கதவு திறந்துகொள்ளலாம்!

நிலையான ஐ.பி. இல்லாதவர்கள் என்ன செய்வது? டெயில்ஸ்கேல் மாதிரி சேவைகள் உண்டு; அதற்குள்ளும் ஓடுவது வயர்கார்டுதான். போன், பெட்டி இரண்டுமே உள்ளிருந்து வெளியே கிளம்பி நடுவில் கைகோத்துக்கொள்ளும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கின் லாகின்தான் வீட்டுச் சாவி என்று ஆகிவிடும். அதற்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். அண்ணன் ஒரு வருஷப் பணம் கட்டிவிட்டதால் அது வீணாகக் கூடாது என்று இந்த வழி. (நடுத்தரக் குடும்பம்!)

எல்லாம் முடிந்து சோதித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. அண்ணன் வெளியே போய் மொபைல் டேட்டாவில் போட்டால் வேலை செய்கிறது, சித்தி வீட்டு வைஃபையில் அம்மா போட்டால் இல்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு பிறகு கண்டுபிடித்தான். மணிமங்கலத்து வீட்டுக்குள்ளும் 192.168.1, சித்தி வீட்டுக்குள்ளும் 192.168.1. அம்மாவின் போன் நாஸ் பெட்டியைச் சித்தி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. ரவுட்டர்கள் பல அந்த எண்ணோடுதான் கடையிலிருந்து வருகின்றன. தம்பி வீட்டு எண்ணை 192.168.73 என்று மாற்றினான், சரியானது. இதை முதலிலேயே யாராவது சொல்லித்தொலைத்திருக்கலாம்.

அம்மாவின் போனில் வி.பி.என். எப்போதும் ஓடும்படி வைத்தான், ஆனால் வீட்டுக்குப் போகிற சங்கதி மட்டும்தான் அந்தக் குழாயில் போகும், மற்றதெல்லாம் வழக்கம்போல. அப்படியும் சில பேங்க் ஆப்கள் வி.பி.என். என்றாலே முரண்டு பிடிக்கும். அவற்றை விலக்கு பட்டியலில் சேர்த்தான். ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி. யாராவது ஷிப்ட் பஸ்ஸில் போனைத் தொலைத்தால் அந்த ஒரு சாவியை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

பெட்டிக்குள்ளும் வேலை இருந்தது. அட்மின் என்ற பெயரில் இருந்த கணக்கை முடக்கினான். அம்மாவுக்கு ஒரு கணக்கு, பார்க்க மட்டும், அழிக்க முடியாது. அண்ணனுக்கும் தினசரிக்குச் சாதாரணக் கணக்குதான். அண்ணனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். "பெட்டி என்னுதுடா, எனக்கே அட்மின் இல்லையா?" அட்மின் பாஸ்வேர்டு ஒரு தாளில் எழுதி பீரோவில் இருக்கிறது. அப்டேட் தானாக ஏறும்படி வைத்தாயிற்று. ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி, கரண்ட் போனால் பெட்டி ஒழுங்காக அணையும்படியும் செய்தாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு தம்பி கேட்ட கேள்விதான் முக்கியம். "இது எல்லாத்தையும் மீறி ஒருத்தன் உள்ள வந்துட்டா?"

"ரெண்டு டிஸ்க் இருக்கேடா. ஒண்ணு போனா இன்னொண்ணு."

இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் மற்றது காக்கும். ஆனால் பைலை அழித்தால் இரண்டிலும் அதே நொடி அழியும், திருடன் பூட்டினால் இரண்டிலும் பூட்டு. வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெட்டியைத் தூக்கி லாஃப்டில் வைத்தவர் அண்ணன்தான். இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசாங்க கிளவுடுக்கே இது நடந்தது. அரசு அலுவலகங்களின் மின்னஞ்சல், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை உள்ளது போயே போய்விட்டது. காப்பிகளும் அதோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன, தனியாகக் கழற்றி வைத்த காப்பி அந்தக் காலத்துக்கு இல்லை.

இந்த இடத்தில் பல்லவர்கள் கெட்டிக்காரர்கள். மணிமங்கலத்தில் புலிகேசியை ஜெயித்த சேதி கூரம் செப்பேட்டில் இருக்கிறது, உதயேந்திரம் செப்பேட்டிலும் இருக்கிறது. கூரம் காஞ்சிபுரத்துக்குப் பக்கம், உதயேந்திரம் வாணியம்பாடிக்குப் பக்கம். ஒன்று தொலைந்தாலும் மற்றது பேசும். செப்பேட்டைப் பூட்டிவிட்டுப் பிட்காயின் கேட்கவும் முடியாது.

தம்பி ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கினான். எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்து, பாஸ்வேர்டு போட்டு, ஒயரைக் கழற்றினான். காப்பி ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க அதிலிருந்து ஒரு பைலைத் தன் லேப்டாப்பில் எடுத்து ஓட்டிப் பார்த்தான். "மழை வருது, வண்டிய மெதுவா ஓட்டு." அண்ணன் எழுந்து கிச்சனுக்குப் போய்விட்டார்.

டிஸ்க் இப்போது காஞ்சிபுரத்தில் சித்தி வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவைக் கூப்பிட்டு வரப் போகும்போது எடுத்து வந்து புதுசாகக் காப்பி எடுத்துத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. போன தடவை அண்ணன் மறந்துவிட்டார். சித்திதான் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து கொடுத்தார், மஞ்சப் பையில், முறுக்கோடு சேர்த்து.